இருட்டுக் கல்யாணத்து விருந்தாளிகள்

கல்லூரணியில் பனி பெய்த மாதிரிப் படம் வேண்டும் என்று கல்யாணப் பெண்கள் கேட்க ஆரம்பித்த வருஷம் அது. அந்த ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் சைக்கிள் சீட்டில் படிந்திருக்கிற ஈரம், அவ்வளவுதான். அதற்கு மேல் பனியைக் கண்டவர் எவரும் அங்கே இல்லை. ஆனாலும் கேட்டார்கள். கேட்டதைக் கொடுக்கத்தானே கடை விரித்திருக்கிறது என்று பூல்பாண்டி ஸ்டூடியோக்காரன் ஒரு பழைய டிஜிட்டல் கேமராவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஞானதிரவியம் அண்ணாச்சி நடத்திவந்த கேமரா ரிப்பேர் கடைக்கு வந்து, மரத்தையெல்லாம் வெள்ளையாக்கித் தாங்க அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை ஒரு ஜோடிக்கு வாக்குக் கொடுத்துட்டேன் என்று நின்றான்.

அண்ணாச்சிக்கு அந்த வேலை தெரியும். கேமராவுக்குள்ளே, படத்தை வாங்குகிற சென்சாருக்கு முன்னால், நீலம் பாரித்த ஒரு கண்ணாடிச் சில்லு உட்கார்ந்திருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு ஒன்று வெயிலில் இருக்கிறது அல்லவா, அகச்சிவப்பு என்று பிள்ளைகள் பாடத்தில் படிப்பார்களே, அதை உள்ளே விடாமல் காவல் காப்பது அந்தச் சில்லு. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையெல்லாம் தடுத்து மற்றதை மட்டும் விடுகிற ஒரு கறுத்த கண்ணாடியை அந்த இடத்தில் பொருத்தினால், கேமரா நாம் பார்ப்பதைப் பார்க்காது, நாம் பார்க்காததைப் பார்க்கும். பச்சை இலைகள் அந்த ஒளியை வாரி இறைக்குமாம். அதனால் வேம்பும் புளியும் வெள்ளை வெளேர் என்று விழும், வானமும் தண்ணீரும் கறுத்துப்போகும். சொல்வதற்கு இவ்வளவுதான், செய்வதற்கு ஒரு பகல் வேண்டும். அண்ணாச்சி வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லித் தட்டில், கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசைப்படியே குழிக்கு ஒரு கூட்டமாகப் போட்டு வைப்பார். மூடும்போது கடைசிக் குழியிலிருந்து முதல் குழிக்கு வருவார். இருபத்தைந்து வருஷமாக ஒரு திருகாணி மிஞ்சியதில்லை, ஒன்று குறைந்ததில்லை.

அந்த வேலையில் தட்டியது கண்ணாடியில்தான். வரவழைத்த கறுத்த கண்ணாடி பார்சலில் மூன்று துண்டாக வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள். பூல்பாண்டியோ ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணினான். அப்போதுதான் அண்ணாச்சிக்கு, நினைக்கக் கூடாத ஒன்று நினைவுக்கு வந்தது. வெயிலில் முழுசாகச் சுட்டுப்போன பழைய கலர் பிலிமைக் கழுவி எடுத்தால் நம் கண்ணுக்கு அது கட்டிக் கறுப்பு. அகச்சிவப்புக்கோ அது கழுவித் துடைத்த ஜன்னல். பழைய தொழில்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த உபாயம் அது. அப்படி ஒரு பிலிம் அவரிடம் இருந்தது. இருபத்தாறு வருஷமாக, கட்டின பெண்டாட்டிக்கும் தெரியாமல், ஒரு பிஸ்கட் டப்பாவில், எடுத்துப் பார்க்கவும் துணியாமல் தூக்கி எறியவும் துணியாமல் வைத்திருந்த ஒரே ஒரு ரோல். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அன்றைக்கு அவருடைய கை குறுகுறுத்தது. ஒரு துண்டுதானே என்று வெட்டி எடுத்து, மெல்லிய கண்ணாடியில் ஒட்டி, சென்சாருக்கு முன்னால் பொருத்தி, இட்லித் தட்டைக் காலி செய்து மூடிக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊருணிக் கரையில் பூல்பாண்டி அந்த ஜோடியை நிறுத்திப் படம் எடுத்தான். மரம் வெள்ளையாக விழுந்தது. ஊருணித் தண்ணீர் மை மாதிரி விழுந்தது. ஜோடிக்குப் பின்னால், வெள்ளை மரங்களுக்கு நடுவில், பட்டுப்புடவையும் வேட்டியும் கட்டிய முப்பது நாற்பது பேர் எதையோ எட்டிப் பார்க்கிற தோதில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கரையில் அப்போது ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது, வேறு ஆள் கிடையாது. பூல்பாண்டி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் எடுத்தான். அதே கூட்டம், கொஞ்சம் நகர்ந்திருந்தது. ஒரு பெண்பிள்ளை இடுப்புக் குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றியிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அழைக்காமல் இத்தனை பேர் வந்து நிற்கிறார்களே, இவர்கள் பொண்ணு வீட்டுச் சொந்தமா? இல்லை என்று பொண்ணு வீட்டார் சத்தியம் பண்ணினார்கள். பேச்சு தடித்துக்கொண்டிருந்தபோது, ஸ்டூடியோ வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்து, இது எங்க அத்தைல்லா, செத்துப் பதினோரு வருஷமாச்சே, இந்த ஊதாப் புடவையைத்தான் நான் கட்டிக் கிழிச்சேன் என்று சொல்லிவிட்டு மிச்சப் பூவைக் கட்ட உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாள் காலையில் ஸ்டூடியோ வாசலில் வரிசை நின்றது.

சும்மா சொல்லக் கூடாது, கல்லூரணிக்காரர்கள் எதையும் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள். படத்தில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் செத்தவர்கள், பாதிப் பேர் இருக்கிறவர்கள் என்று இரண்டு நாளில் கணக்கெடுத்தார்கள். செத்தவர்களைப் பார்க்க வந்தவர்கள் அழுதார்கள். இருக்கிறவர்கள் தங்களைப் பார்க்க வந்து, அந்த நாளையில் இவ்வளவு முடியா எனக்கு என்று அழுதார்கள். ரேஷன் கடைக்காரர் தன் தாயார் முகத்தைப் பார்க்க விடாமல் முன்னால் நின்று மறைத்த பெரியப்பாவைத் தினமும் கரையில் போய் நின்று, கொஞ்சம் தள்ளி நில்லுங்க பெரியப்பா, தள்ளி நில்லுங்க என்று கெஞ்சினார். நாலாம் நாள் படத்தில் பெரியப்பா முறைத்துக்கொண்டே தள்ளி நின்றிருந்தார். செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு, மற்ற நாள் ஆண்களுக்கு என்று பேரூராட்சியில் முறை வைத்தார்கள், வெயிலுக்குப் பந்தல் போட்டார்கள், ஊருணிக் காளியின் கருணை என்று கற்பூரம் கொளுத்தினார்கள். சர்ச்சில் பாதிரியாராக இருந்த சபை ஐயர் இதையெல்லாம் நம்பக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணலாம் என்றுதான் இருந்தார். ஆனால் படத்தில் மூன்றாம் வரிசையில் அவருக்குக் குருவாக இருந்த உபதேசியார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபின் வேறு வசனத்தை எடுத்துப் பேசினார்.

எல்லோரும் ஞானதிரவியம் அண்ணாச்சியைக் கண்டால் எழுந்து நின்றார்கள். கைராசிக்காரர் என்றார்கள். கும்பிடுகிறவர்களுக்குப் பதில் கும்பிடு போட அவருக்குக் கை எழவில்லை. ஏனென்றால் அந்தக் கூட்டம் எந்தக் கல்யாணத்துக் கூட்டம் என்று முதல் படத்தைப் பார்த்த அந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்துபோயிருந்தது.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவர் ரிப்பேர்காரர் அல்ல, கல்யாணப் படம் எடுக்கிறவர். மாவு மில் கோமதிநாயகத்துக்கும் சண்முகவடிவுக்கும் முத்தையா மண்டபத்தில் கல்யாணம். முதல் ரோல் முழுக்க மாப்பிள்ளை அழைப்பு, மேளம், மாப்பிள்ளை வீட்டார். இரண்டாவது ரோலில்தான் பெண் வந்தாள். மணவறையில் உட்கார்ந்தாள், தாலி ஏறியது, ஊரார் வரிசையாக மேடை ஏறி நின்றார்கள். அந்த வாரம்தான் அவர் புதுக் கேமரா வாங்கியிருந்தார். மண்டபத்துப் பின்கட்டில் சமையல்காரர்கள் நாலு பேர் அதை ஆசையாகப் பார்க்க, உள்ளே எப்படி இருக்கும் தெரியுமா என்று பெருமையாகக் கேட்டுக்கொண்டே, எடுத்து முடித்த பிலிமை அதன் டப்பிக்குள் திருப்பிச் சுற்றாமலே பின்மூடியைத் திறந்துவிட்டார். பட்டப்பகல் வெயில். சட்டென்று மூடினார். மூடிவிட்டு யோசித்தார். வெளிச்சம் பட்டது வெளிச்சுற்றில்தான். மேடையில் ஊரார் நின்ற படங்கள் அவை, அவை போனது போனதுதான். உள்சுற்றில் இருந்தவை, பெண் வந்ததும் தாலி கட்டியதும், தப்பித்திருக்கும். ஆனால் பாதி சுட்டுப் பாதி தப்பிய பிலிமைக் கண்டால் லேபில் இருக்கிற சின்னப் பயல்கூடச் சொல்லிவிடுவான், மூடியைத் திறந்தது யார் என்று. முழுசும் கறுத்துவிட்டால் எவனுக்கும் ஒன்றும் தெரியாது. அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? மண்டபத்துக்குப் பின்னால் வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் போய், மூடியை மறுபடியும் திறந்து, பிலிமைக் கடைசி அங்குலம் வரைக்கும் உருவி வெயிலில் பிடித்தார்.

படங்கள் வந்தபோது மாப்பிள்ளை தனியாக இருக்கிற படமெல்லாம் பளிச்சென்று இருந்தது, பெண் இருக்கிற படம் ஒன்றுகூட விழவில்லை. மாப்பிள்ளையின் தாயார் பிச்சம்மாள் கேட்டாள், அதெப்படி தம்பி, பொண்ணு இருக்க படம் மட்டும் கறுக்கும்? அண்ணாச்சி சொன்னது இரண்டே வாக்கியம். கேமரா நல்ல கேமராதான் அக்கா. பிலிமும் நல்ல பிலிம்தான். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை, மிச்சத்தை ஊர் சொல்லிக்கொண்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம். அந்த வருஷத்தோடு அவர் படம் எடுப்பதை விட்டுவிட்டு ரிப்பேருக்கு உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் சபையில் பொதுப் பாவ அறிக்கையை எல்லோரோடும் சேர்ந்து சத்தமாகச் சொல்லிவந்தார். எல்லோரோடும் சேர்ந்து சொன்னால் தனியாக வலிக்காது.

சண்முகவடிவுக்கு அன்றிலிருந்து இருட்டுக் கல்யாணக்காரி என்று பேர். யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, அது வேறு. ஆனால் கல்லூரணியில் ஒரு பழக்கம் வந்து நிலைத்துவிட்டது: காதுகுத்தோ, சடங்கோ, பள்ளிக்கூட விழாவோ, எங்கே எவர் கேமராவைத் தூக்கினாலும், வடிவு பக்கத்தில் இருக்கிறாளா என்று ஒரு தடவை சுற்றிலும் பார்த்துக்கொள்வார்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவள் தானாகவே, அடுப்பில் என்னமோ கிடக்கு என்று, ஒதுங்கிப்போவாள். போகப்போக எவரும் பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை. கேமரா தூக்குகிற கையைக் கண்டாலே அவளுடைய கால் நகர்ந்துவிடும். பெற்ற மகள் இந்துஜா செல்போனை நீட்டினால்கூட முகத்துக்குக் குறுக்கே கையை வைத்துக்கொள்வாள். ஓட்டு அட்டையிலும் ஆதாரிலும் படம் இருந்ததுதான், ஆனால் அந்தப் படங்களைப் பார்த்து அவளுக்கே அவளை அடையாளம் தெரியாது. வீட்டுச் சுவரில் கல்யாணப் படம் என்று மாட்டியிருந்ததில் கோமதிநாயகம் மாலையோடு தனியாக நின்றார்.

அண்ணாச்சி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தவருக்குப் பத்து வருஷம் கழிந்தபோது, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்கிற வெட்கம் வந்தது. இருபது வருஷம் கழிந்தபோது அந்த வெட்கம் முதல் வெட்கத்தைவிடப் பெரிதாகிவிட்டது. வடிவு எதிரே வந்தால் அவர் சந்து மாறிப் போவார். அவள், பாவம், அவருக்குத் தன் ராசி மேல் பயம் என்று நினைத்துக்கொண்டு, அவரைக் கண்டால் தானே முந்தி ஒதுங்குவாள்.

படங்களில் கூட்டம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, இருபதாம் நாளில் அவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது எதை என்பது தெரிந்தது. வெள்ளை வேம்புக்கு அடியில் மணவறை. அதில் கோமதிநாயகம், மீசை அரும்பிய இளவட்டமாக. அவருக்குப் பக்கத்தில், ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்தால் எவ்வளவு இடம் அடைபடுமோ அவ்வளவு இடம், கறுப்பாக.

அதைக் கண்டதும் ஊர் இத்தனை நாள் எந்தக் கல்யாணம் என்று தெரியாமல் இருந்ததற்கும் சேர்த்துப் பேசிற்று. பாத்தியளா, சாமியே இறங்கிவந்து எல்லாரையும் காட்டினாலும் அவ மட்டும் இருட்டுதான் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இந்தப் பேச்சு இந்துஜாவுக்கு நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் போயிற்று. கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அவர்கள் நல்ல மனிதர்கள், பெண்ணை வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடையில் படம் எடுக்கிற நேரம் மட்டும் சம்பந்தியம்மா கொஞ்சம் பந்திப் பக்கம் பார்த்துக்கொண்டால் தேவலை என்று சொல்லி அனுப்பினார்கள். வடிவு அதற்கும் முந்தியே பூல்பாண்டியைக் கூப்பிட்டு அதையேதான் சொல்லியிருந்தாள். இந்துஜா கேட்டுவிட்டு, எங்கம்மா நிக்காத மேடையில நான் உக்கார மாட்டேன், கல்யாணமே வேண்டாம் என்று நிச்சயப் புடவையை மடித்து மேசை மேல் வைத்துவிட்டாள்.

பூல்பாண்டி இதை ஊர்ச் செய்தியோடு செய்தியாக, இரண்டாவது கேமராவுக்கும் அதே மாதிரி மாற்றித் தாங்க என்று கேட்க வந்த இடத்தில் சொன்னான். அண்ணாச்சி அந்த ரோலிலிருந்து இரண்டாவது துண்டை வெட்டக் கத்தரியை வைத்திருந்தார். அந்தப் பிள்ளை பிடிவாதம் பிடிக்கா அண்ணாச்சி, கல்யாணம் நடக்குமோ நடக்காதோ என்று பூல்பாண்டி சொல்லிக்கொண்டே போனான். கத்தரி நகரவில்லை. தாயின் படத்தை வெயிலில் பிடித்தது போதாது என்று மகளின் கல்யாணத்தையும் அதே வெயிலில் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. கடையைப் பூட்டாமலே எழுந்து நடந்தார்.

மத்தியானம் மூன்று மணி. மாவு மில்லில் வடிவு ஒருத்திதான் நின்று அரைத்துக்கொண்டிருந்தாள். தூக்குவாளியும் சம்படமுமாக மூன்று பெண்கள் காத்திருந்தார்கள். மிசின் போட்ட கூச்சலில் காது அடைத்தது. அண்ணாச்சிக்கு அந்தக் கூச்சல் ஒரு தைரியமாக இருந்தது. வாசல்படி ஏறாமலே, வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை, அரிசியும் கம்பும் கொட்டுகிற சத்தத்துக்குள் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். முடித்ததும் நெஞ்சுக்கூடு லேசாகிவிட்டது. அப்பாடா என்று அவர் நிமிர்ந்தபோது, வடிவு சுவரோரம் போய் சுவிட்சை அணைத்தாள். வார் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. மில் நிசப்தமாயிற்று.

"என்ன அண்ணாச்சி சொன்னிய? மிசின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

சொன்னதை மறுபடியும் சொல்லவேண்டி வந்தது. இந்தத் தடவை ஈ பறந்தாலும் கேட்கிற அமைதியில், மூன்று பெண்கள் வாயைப் பிளந்து பார்த்திருக்க, ஒவ்வொரு சொல்லாக. மூடியைத் திறந்தது. மூடினது. வைக்கோல் போருக்குப் பின்னால் போனது. கேமரா நல்ல கேமராதான் என்றது. சொல்லும்போது அவருடைய வாய் அவருக்கே நாறியது. நடுவில் இரண்டு தடவை நிறுத்தினார். வடிவுக்கு முகமெல்லாம் மாவு, புருவத்திலும் மாவு. அந்த முகத்தில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாம் முடிந்தபின் அவள் கேட்டாள்.

"தாலி கட்டின படம் எந்தச் சுத்துல இருந்துச்சு?"

"உள்சுத்துல."

"வெளிச்சம் அதுமேல பட்டிருக்குமா?"

"பட்டிருக்காது."

"அப்ப அது நல்லாத்தான் இருந்திருக்கும்."

"ஆமா."

"நீங்கதான் உருவிப் போட்டிய."

"நான்தான் வடிவு. நான் செத்திருக்கணும்."

சாவு எதற்கு உதவும். அடுத்த சம்படம் யாருது என்று அந்தப் பெண்களைப் பார்த்துக் கேட்டாள், வாங்கினாள், கொட்டினாள். சுவிட்சில் கை வைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமல், பதினெட்டாம் தேதி இந்துஜா கல்யாணத்துக்கு மேடையில் படம் எடுக்கப் பூல்பாண்டி வேண்டாம், நீங்க வரணும் என்றாள். மிசின் ஓட ஆரம்பித்தது.

மூன்று பெண்கள் போதாதா? விளக்கு வைக்கிறதுக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அண்ணாச்சி கடை வாசலில் உட்கார்ந்து, கல் வரும், செருப்பு வரும், கெட்ட வார்த்தை வரும் என்று காத்திருந்தார். வந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார், வராதா என்றுகூட இருந்தது. வந்ததெல்லாம் ஆறுதல். அட, பிலிம் சுட்டுப்போச்சா, இதுக்கா இம்புட்டு என்றார்கள். எனக்கு அப்பவே சந்தேகம் உண்டு என்றார்கள். மனுசன்னா தப்பு செய்யத்தான் செய்வான், நீங்க வாய்விட்டுச் சொன்னியளே அது பெரிசு என்று ரேஷன் கடைக்காரர் முதுகைத் தட்டினார். பிச்சம்மாளுக்கு எண்பது வயசு, கட்டிலில் கிடந்தபடியே, படம் எடுத்தவன் சொன்னதை நம்பினேன், நான் என்ன செய்வேன் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கோமதிநாயகம் சுவரில் தனியாக நின்ற தன் படத்தைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்து, கடைசியில் கொல்லையில் உட்கார்ந்து, யாரும் கேட்காத தேங்காய் பத்துப் பதினைந்தை உரித்துப் போட்டார். ஒருத்தர்கூட, ஒரே ஒருத்தர்கூட வடிவு வீட்டு வாசலுக்குப் போய், தப்பாப் பேசிட்டோம் தாயி என்று சொல்லவில்லை. தப்பு இனிமேல் அண்ணாச்சியுடையது, ஊருடையது அல்ல. இருபத்தாறு வருஷமும் தங்கள் கண்ணால் பார்த்துப் பார்த்து அவளை ஒதுக்கியவர்கள் அத்தனை பேரும் அன்று ராத்திரி வயிறார உண்டார்கள். அண்ணாச்சி அதையும் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். அவர் வாசலைத் திறந்து வைத்தார், அவர்கள் நுழைந்தார்கள்.

பதினெட்டாம் தேதி, அம்மா மேடையில் நிற்பாள் என்று வாக்கு வாங்கிக்கொண்டு, இந்துஜா மணவறையில் உட்கார்ந்தாள். காலை வெயிலில் மண்டப வாசல் வேப்ப மரத்தடியில் பூல்பாண்டி மாற்றின கேமராவால் ஒரு படம் எடுத்துவிட்டு, அதை எவரிடமும் காட்டாமல் வைத்துக்கொண்டு திரிந்தான். மேடையில் அண்ணாச்சி சாதாரணக் கேமராவோடு நின்றார். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு ஆள் முன்னால் கேமராவோடு நிற்கிறார், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தாலி ஏறிற்று, எடுத்தார். பெண்ணைப் பெற்றவர்கள் வந்து நில்லுங்க என்று யாரோ கூப்பிட்டார்கள். கோமதிநாயகம் வந்தார். வடிவு பச்சைப் பட்டில், மாவில்லாத முகத்தோடு, பின்னால் வந்தாள். அவர் கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினார். தூக்கியதும் அவளுடைய கால் நகர்ந்தது. அவள் நகர்த்தவில்லை, அது தானாக நகர்ந்தது. கேமராக் கண்ணாடி வழியாக அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு எட்டு, மூன்றாவது எட்டு, சட்டத்தின் விளிம்பு வரைக்கும். இந்துஜா குனிந்த தலை நிமிராமலே கையை நீட்டித் தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். பிடித்த கையை விடவில்லை. அண்ணாச்சி அமுக்கினார்.

விழுந்துதா என்று வடிவு கேட்டாள். விழுந்துருக்கு என்று அவர் சொன்னார். சொன்னால் போதாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். மேடையை விட்டு இறங்கி வந்து, காட்டுங்க என்று கேமராவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அப்போது பூல்பாண்டியும் தன் கேமராவை நீட்டினான். அதில் வேப்ப மரம் வெள்ளையாக இருந்தது, அதனடியில் மணவறை இருந்தது, கறுப்பாகக் கிடந்த இடத்தில் இருபத்திரண்டு வயசுப் பெண் ஒருத்தி மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து, கூட்டத்தில் மற்ற எல்லோரும் அவளையே பார்க்க, அவள் ஒருத்தி மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாருங்க சித்தி, எவ்வளவு அழகு என்று பூல்பாண்டி சொன்னான். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்து, ஆமா ஆமா, மூக்கும் முழியும் பாரு என்றார்கள்.

வடிவு வலக்கையில் ஒரு கேமராவையும் இடக்கையில் ஒரு கேமராவையும் வைத்துக்கொண்டு, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணாச்சிக்கு, அவள் அழுதால் தேவலை, அடித்தால் இன்னும் தேவலை என்று இருந்தது. அவள் நிமிர்ந்தாள். குரலில் கோபம் இல்லை, தொலைந்த சாமானை விசாரிக்கிற குரல்தான்.

"இவ நான். இவளும் நான்தான். நடுவுல ஒருத்தி இருந்தாளே அண்ணாச்சி, பிள்ளை பெத்தா, பால் கொடுத்தா, நடக்கப் பழக்குனா, முடி நரைச்சா. அவ எங்க?"

ஞானதிரவியம் அண்ணாச்சி அந்த பிஸ்கட் டப்பாவை நினைத்தார். டப்பாவில் மிச்சமிருந்த பிலிமை முழுசாக வெட்டி ஊரில் உள்ள கேமராவில் எல்லாம் பொருத்தினாலும் அவள் வரமாட்டாள், அவளை எவராவது எடுத்திருந்தால்தானே வருவதற்கு. தெரியாது என்று சொல்லவும் தனக்கு அருகதை இல்லை என்று அவர் அறிந்துகொண்டார். பந்தியில் இலை போட்டுக் கூப்பிட்டார்கள். பூல்பாண்டி காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வடிவு அவருடைய கேமராவை, கீழே விழுந்துவிடாதபடிக்கு வாரை அவர் மணிக்கட்டில் தானே மாட்டி, திருப்பிக் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டாள்கள் ஏறி நிக்காவ பாருங்க, எடுங்க என்று சொல்லிவிட்டு மகள் பக்கத்துக்குப் போனாள்.

அவர் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தார். பந்தி முடிந்து மண்டபம் காலியாகிற மட்டும் அதை அவர் முகத்திலிருந்து இறக்கவில்லை.